குட்டானியா, இமாரியா, காக்கியெமோனா, நபேஷிமாவா: ஜப்பானிய வண்ணப் பீங்கானில் எதை வாங்குவது?

ஜப்பானுக்குப் போகிறவர்களும், அங்கிருந்து வருகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்கிறவர்களும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். கையால் வண்ணம் தீட்டிய பீங்கான் வேண்டும், அதில் மங்கலமாக ஏதாவது வரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருக்கும். கடையில் ஒரே அளவுள்ள இரண்டு தேநீர்க் கோப்பைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று 2,000 யென், இன்னொன்று 40,000 யென். இரண்டிலும் கொக்கு, இரண்டிலும் தங்கக் கோடு. ஒன்றின் அடியில் குட்டானி என்று எழுதியிருக்கும், மற்றதில் அரிட்டா (இமாரியும் காக்கியெமோனும் செய்யும் ஊர்). எதை எடுப்பது?

"எது உசத்தி?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான்கு மரபுகளும் நான்கு விதமான ஆட்களுக்காக வளர்ந்தவை. குட்டானி உள்ளூர்ச் செல்வந்தர்களின் விருந்துக்கு, இமாரி ஐரோப்பிய மாளிகைகளுக்கு, காக்கியெமோன் வெண்மையை ரசிப்பவர்களுக்கு, நபேஷிமா ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்குக் காணிக்கையாக. நம் வீட்டில் அது எங்கே இருக்கப்போகிறது, யார் கையில் போகப்போகிறது என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வண்ணம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, ஆனால் பாத்திரத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பீங்கானை முதலில் 800, 900 டிகிரியில் லேசாகச் சுடுவார்கள். அதன்மேல் கோபால்ட் நீலத்தில் வரைந்து, கண்ணாடி மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரியில் சுட்டால் அந்த நீலம் மெருகுக்கு அடியில் பத்திரமாகிவிடும். நூறு வருடம் தேய்த்தாலும் போகாது. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா ஆகியவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது. அவற்றை மெருகுக்கு மேலே தீட்டி, மறுபடியும் 800 டிகிரி அளவில் சுட வேண்டும். தங்கம் வேண்டுமென்றால் அதைவிடக் குறைந்த சூட்டில் இன்னொரு தடவை. ஆக, பாத்திரத்தில் எது கடைசியாக ஏறியதோ அதுதான் முதலில் தேயும். மங்கலத்துக்காக நாம் தேடுகிற சிவப்பும் தங்கமும் மேல் அடுக்கில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, கை வேலையா அச்சா. மூன்றாவது, வெறும் வெண்மை எவ்வளவு பிடிக்கும் என்பது. இது ரசனை சார்ந்தது, ஆனால் தவறாகத் தேர்ந்தால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். நான்காவது, வரைந்திருக்கும் சின்னம் வாங்குபவருக்கோ பரிசு பெறுபவருக்கோ பொருந்துகிறதா. ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்.

## குட்டானி: இடமே விடாத வண்ணம்

இஷிகாவா மாநிலத்தில், இன்று காகா நகரின் பகுதியாக இருக்கும் ஒரு மலைக் கிராமம்தான் குட்டானி. 1655 வாக்கில் தைஷோஜி சிற்றரசின் முதல் தலைவர் மயேதா தோஷிஹாரு, கோட்டோ சைஜிரோ என்பவரைப் பீங்கான் தொழில் கற்றுவர அரிட்டாவுக்கு அனுப்பினார் என்பது மரபுக் கதை. அங்கே தொடங்கிய சூளைகள் அரை நூற்றாண்டுக்குள் நின்றுபோயின. அந்தக் காலத்துச் சரக்குக்குப் பழைய குட்டானி என்று பெயர். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: அரிட்டாவின் பழைய சூளைகளைத் தோண்டியபோது அதே மாதிரி உடைசல்கள் கிடைத்தன. பழைய குட்டானி என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி அரிட்டாவில் செய்ததுதான் என்று பல ஆய்வாளர்கள் இன்று கருதுகிறார்கள். பழம்பொருள் வாங்க நினைப்பவர்கள் இந்தச் சண்டையை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நாம் இன்று கடையில் பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்த குட்டானி. அதற்குள்ளேயே பல பாணிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். 1824ல் தைஷோஜியின் பணக்கார வணிகர் தொயோதா டென்எமோன் தொடங்கிய யோஷிதாயா சூளையின் பாணியில் சிவப்பே கிடையாது. பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம் என்ற நான்கு வண்ணங்கள்தான். தட்டின் முகம், விளிம்பு, பின்பக்கம் எல்லாவற்றையும் மூடியிருக்கும், வெள்ளை கண்ணிலேயே படாது. அந்தச் சூளை எரிந்தது ஏழே வருடம். அதன் பெயரில் இன்றும் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்த இதாயா பாணி இதற்கு நேர் எதிர். முழுக்கச் சிவப்பில், முடி அளவு மெல்லிய கோடுகளால் சீன ஞானிகளையும் நுண்ணிய கட்டங்களையும் நிரப்புவார்கள், மேலே பொன் தொடுவார்கள். சாகே என்ற அரிசி மதுவுக்கான ஒரு சிறிய கோப்பையைக் கையிலெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டுக்குக் கோடு இடைவெளி லேசாக மாறுவது தெரியும். தூரிகை எங்கே மை தீர்ந்து மறுபடி தோய்க்கப்பட்டது என்பதுகூடத் தெரியும். அப்புறம் குட்டானி ஷோசா என்ற கலைஞரின் பாணி. பல வண்ணமும் பொன்னும் கலந்து, பூக்களும் பறவைகளுமாக அடர்ந்தது. மெய்ஜி காலத்தில் (1868-1912), முக்கியமாக 1873ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு, கப்பல் கப்பலாக மேற்கே போனது இந்த வகைதான். நம்மூர்ப் பழம்பொருள் கடைகளில் ஜப்பான் சரக்கு என்று எப்போதாவது கண்ணில் படுவதும் பெரும்பாலும் இந்தச் சாயல்தான்.

குட்டானியின் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் ஒளி ஊடுருவும் கண்ணாடி மாதிரியானவை. கறுப்புக் கோட்டில் உருவத்தை வரைந்து, அதன்மேல் வண்ணத்தைக் கனமாக வைப்பார்கள். சுடுவதற்கு முன் பார்த்தால் வெளிறிய மாவு பூசியது போல்தான் இருக்கும். சூளையில் உருகிய பிறகுதான் நிறமும், அடியிலிருந்த கோடும் தெரியவரும். விரலால் தடவினால் வண்ணம் மேடாகத் தட்டுப்படும். அந்த மேடுதான் குட்டானியின் அழகு, அதன் பலவீனமும் அதுதான். எவர்சில்வர் கரண்டி உரசினால் கீறல் விழும்.

எப்போது வாங்கலாம்: சுவரும் மேஜையும் வெளிர் நிறத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரே ஒரு பொருள் போதும் என்றால். சிறிய பூச்சாடி, சாகே கோப்பை, இனிப்பு வைக்கும் குட்டித் தட்டு. கை வேலையைக் குறைந்த விலையில் தொட வேண்டுமென்றாலும் குட்டானியின் சின்னப் பொருள்கள்தான் நல்ல வாசல். சில ஆயிரம் யென்னுக்கே உண்மையான கைவேலை கிடைக்கும்.

எப்போது வேண்டாம்: தினமும் சோறு போட்டுச் சாப்பிட. ஆறு பேருக்கு ஒரே மாதிரி செட் வேண்டும் என்றாலும் வேண்டாம். அத்தனை வண்ணம் ஆறு தடவை மேஜையில் வந்தால் சாப்பாடு கண்ணுக்குத் தெரியாது.

## பொன் இமாரி: திருமண வரவேற்புக்கு வந்தவர் மாதிரி

இமாரி என்பது செய்த ஊர் அல்ல, கப்பலேறிய துறைமுகம். செய்த ஊர் சாகா மாநிலத்தின் அரிட்டா. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் கொரியப் படையெடுப்பின்போது நபேஷிமா பிரபு அழைத்துவந்த கொரியக் குயவர்களில் ஒருவரான யி சாம்-ப்யோங், 1616ல் அரிட்டாவின் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது மரபு. ஜப்பானின் பீங்கான் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சீனாவில் மிங் ஆட்சி சரிந்து ஏற்றுமதி தடைபட்டபோது, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அரிட்டா பக்கம் திரும்பியது. 1659ல் பெரிய ஆர்டர் போனது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ஐரோப்பிய அரண்மனைகள் அரிட்டாப் பீங்கானால் நிறைந்தன.

அந்தச் சந்தைக்கென்றே வளர்ந்ததுதான் பொன் இமாரி. அடியில் கருநீலம், மேலே செங்கல் சிவப்பு, அதற்கு மேலே தங்கம். ஜென்ரோகு காலத்தில் (1688-1704) இது உச்சத்தில் இருந்தது. தட்டை வட்டமாகப் பங்குபோட்டு, ஒவ்வொரு பங்கிலும் சாமந்தி, பியோனி, ஃபீனிக்ஸ், பூக்கூடை என்று நிரப்புவார்கள்.

இதன் பலம், நீலம் மெருகுக்கு அடியில் இருப்பது. சிவப்பும் தங்கமும் தேய்ந்தாலும் வடிவம் நிற்கும். பலவீனம் தங்கம். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், தங்கம் கருகும். டிஷ்வாஷரில் சில மாதத்தில் மங்கும். அரிட்டாவில் இன்று கொரான்ஷா, ஃபுகாகாவா செய்ஜி போன்ற பழைய நிறுவனங்கள் இந்த வழியில் நேர்த்தியான சரக்கு செய்கின்றன. அவற்றில் அச்சும் உண்டு, கை வேலையும் உண்டு. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெரிய வட்டத் தட்டு ஒன்றை வரவேற்பறையில் நிறுத்திவைக்க, திருமணத்துக்கு, புதுமனைப் புகுவிழாவுக்கு இமாரி பொருந்தும். பட்டுப்புடவையும் நகையும் போலப் பார்த்தவுடன் விசேஷம் என்று தெரியும். என் ரசனைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பரிசு கொடுப்பவரின் ரசனை இங்கே இரண்டாம் பட்சம்.

## காக்கியெமோன்: வெறும் இடத்துக்கு விலை

அரிட்டாவிலேயே, 1640களில் மெருகுக்கு மேல் வண்ணம் தீட்டும் முறையைக் கைக்கொண்டவர் என்று சகாயிதா காக்கியெமோனைச் சொல்வார்கள். அவர் பெயரையே தலைமுறை தலைமுறையாக ஏற்று வருகிறது அந்தக் குடும்பம். இப்போது இருப்பவர் பதினைந்தாமவர்.

இந்தப் பாணியில் மூன்றில் இரண்டு பங்கு வெறுமனே இருக்கும். ஒரு ஓரத்தில் பிளம் கிளை, அதன் கீழே காடையும் தினையும், இல்லையென்றால் மூங்கிலும் புலியும். மென்மையான சிவப்பு, வெளிர் நீலம், பச்சை, கொஞ்சம் மஞ்சள். விளிம்பில் சில சமயம் பழுப்புக் கோடு. மிச்சமெல்லாம் வெண்மை. அந்த வெண்மைக்குப் பெயர் நிகோஷிதே. நம் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரின் நிறம். சாகா மக்களும் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பெயரிட்டார்கள். சாதாரணப் பீங்கானில் லேசாக நீலம் ஓடும், இதில் ஓடாது. சூளையில் வளைவதும் வெடிப்பதும் அதிகம் என்பதால் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த முறை வழக்கொழிந்துபோனது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் காக்கியெமோன்கள் பாடுபட்டு 1953ல் மீட்டார்கள். 1971ல் ஜப்பான் அரசு இதை முக்கிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

ஜெர்மனியில் 1710ல் தொடங்கிய மைசென் தொழிற்சாலை இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்து பழகியது. மைசென் இருக்கும் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்கு ஜப்பான் பீங்கான் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

இந்தப் பாணியின் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது சீமா குவாங் என்ற சீன அறிஞரின் சிறுவயதுக் கதை. பெரிய தண்ணீர்த் தொட்டியில் விழுந்த நண்பனைக் காப்பாற்ற, சிறுவன் சீமா குவாங் தொட்டியைக் கல்லால் உடைக்கிறான். ஓட்டை வழியே தண்ணீரோடு பையனும் வெளியே வருகிறான். பாத்திரத்தை விட உயிர் பெரிது என்பதை, கை நழுவினால் உடைந்துபோகும் பாத்திரத்தின் மேலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு நுட்பம் உண்டு. "காக்கியெமோன் சூளை" என்பது வேறு, "காக்கியெமோன் பாணி" என்பது வேறு. குடும்பத் தலைவரின் கைப்பட்ட நிகோஷிதே பொருள் கலைக்கூட விலை. அதே சூளையின் பட்டறைச் சரக்கு அதைவிடக் குறைவு, ஆனாலும் கோப்பை ஒன்றுக்குப் பல ஆயிரம் யென் தாண்டும். பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு அரிட்டாவின் மற்ற சூளைகள் செய்வது சாமானியர் கைக்கு எட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைசென் செய்ததும் அதைத்தானே.

மறைந்திருக்கும் சிக்கல்: நிகோஷிதேயில் வண்ணம் முழுக்க மேல் அடுக்கில்தான், அடியில் நீலம் கிடையாது. வெண்மை அதிகம் என்பதால் ஒரு கீறலும் ஒரு மஞ்சள் கறையும் உடனே கண்ணில் படும். மஞ்சள்தூள் புழங்கும் வீட்டில் இது அலமாரிப் பொருள்தான், சமையலறைப் பொருள் அல்ல.

## நபேஷிமா: கடைக்கு வராத சரக்கு

சாகாவின் நபேஷிமா பிரபுக்கள் ஷோகுனுக்கும் மற்ற பிரபுக்களுக்கும் பரிசளிக்கவென்றே தனிச் சூளை நடத்தினார்கள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒகாவாச்சியாமாவில் தொழிலாளர்களைக் குடியமர்த்தி, ரகசியம் வெளியே போகாதபடி காவல் போட்டார்கள். விற்பனை கிடையாது. 1871ல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டபோது அந்த ஏற்பாடு முடிந்தது. வண்ணம் தீட்டும் பொறுப்பிலிருந்த இமாயிசுமி இமாஎமோன் குடும்பம் அரிட்டாவில் இன்றும் வரைகிறது. பதினான்காம் இமாஎமோனை 2014ல் "வாழும் தேசியச் செல்வம்" என்று அறிவித்தார்கள்.

நபேஷிமாவை அடையாளம் காணத் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உயரமான அடிவளையம், அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி நீலக் கோடுகள். அளவுகளும் திட்டமானவை: சுமார் 9, 15, 21, 30 செ.மீ. விட்டம், ஜப்பான் கணக்கில் 3, 5, 7 சுன், 1 ஷாக்கு. படத்தின் ஓரங்களை மெருகுக்கு அடியில் நீலத்தில் வரைந்து சுட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தக் கோட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றே வண்ணங்களை நிரப்புவார்கள். பொன் அபூர்வம்.

தினப் புழக்கத்துக்கு வண்ணப் பீங்கான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பாணியைத்தான். கோடு அடியில் பத்திரமாக இருக்கிறது, தங்கமும் இல்லை. மேல் வண்ணம் பத்து வருடத்தில் மங்கினாலும் படம் படமாகவே இருக்கும். ஒகாவாச்சியாமாவில் இன்று சுமார் 30 சூளைகள் இருக்கின்றன. பெரிய பெயர்களைத் தேடாமல் அங்கே போனால் நல்ல சிறு தட்டு கிடைக்கும். குறை என்றால், பார்த்தவுடன் பளிச்சென்று இருக்காது. "இவ்வளவு விலையா இதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள்.

## அச்சுச் சரக்கு என்ற ஐந்தாவது தேர்வு

2,000 யென் கோப்பை பெரும்பாலும் இதுதான். படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிச் சுடுவது. ஜப்பானிய விவரச்சீட்டில் "தெகாக்கி" என்றால் கையால் வரைந்தது, "தென்ஷா" என்றால் ஒட்டி எடுத்தது. சீட்டில் எதுவும் இல்லையென்றால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். செய்தித்தாள் படம் போலப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. வளைந்த இடத்தில் படம் மடிந்தோ சேராமலோ இருந்தாலும் அச்சு. இரண்டு கோப்பைகளைச் சேர்த்து வைத்து, கொக்கின் ஒரே இறகைப் பாருங்கள். மயிரிழை மாறாமல் இருந்தால் கை வேலை இல்லை. கோட்டை மட்டும் அச்சிட்டு உள்ளே வண்ணத்தைக் கையால் நிரப்புகிற நடுவழியும் உண்டு, குட்டானியில் இது சகஜம். அதை முழுக் கைவேலை விலைக்கு வாங்காதவரை அதில் தப்பில்லை.

அச்சு மோசம் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும், அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கொடுக்கவும் அதுதான் சரி. அதை இரட்டை விலைக்கு வாங்குவதுதான் மோசம்.

## சின்னங்கள்: ஜப்பானில் மங்கலம், நம் வீட்டில்?

பரிசு வாங்குகிறவர்கள் சூளையின் பெயரைவிடப் படத்தைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஜப்பானியப் பீங்கானில் வெறும் அலங்காரத்துக்காக வரைவது குறைவு. கொக்கு ஆயிரம் ஆண்டு, ஆமை பத்தாயிரம் ஆண்டு என்பது அங்கே பழக்கமான வாழ்த்து. கொக்கு இணை பிரியாது என்பதால் திருமணத்துக்கும் ஏற்றது. வாலில் பாசி தொங்கும் ஆமையை வரைந்தால் அது மிக முதிர்ந்த ஆமை என்று பொருள்.

இங்கேதான் தமிழ் வீட்டுக்கு வாங்குகிறவர் நிதானிக்க வேண்டும். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி வளர்ந்த பாட்டியிடம் பாசிவால் ஆமைத் தட்டை நீட்டினால் முகம் மாறிவிடும். ஆந்தையும் அப்படித்தான். ஜப்பானில் அது கஷ்டம் நீக்கும் பறவை, குட்டானியில் ஆந்தைப் பொம்மைகள் ஏராளம். நம் பக்கம் அதன் குரலே ஆகாது. வௌவால் சீன வழியில் வந்த செல்வச் சின்னம், அதையும் இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். பெறுபவர் அதையெல்லாம் ரசிப்பவர் என்றால் சரி. இல்லையென்றால் கொக்கு மட்டும் போதும்.

சங்கடமே இல்லாதவை நிறைய இருக்கின்றன. மாதுளை, நிறைய விதை என்பதால் பிள்ளைப்பேறுக்கு. ஆறு சுரைக்காய் கொடியோடு இருந்தால் நோயின்மைக்கு. ஜப்பானிய மொழியில் "ஆறு சுரை" என்பதும் "நோயில்லை" என்பதும் ஒரே ஒலி. பைன், மூங்கில், பிளம் மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த விசேஷத்துக்கும் ஆகும். குளிரிலும் வாடாத இரண்டும், குளிர் முடியும் முன்பே பூக்கும் ஒன்றும். சிங்கமும் பியோனியும் வீரத்துக்கும் செல்வத்துக்கும். சிங்கத்தின் உடம்பிலேயே இருக்கும் பூச்சி அதைத் தின்னுமாம், பியோனிப் பனித்துளி பட்டால் அந்தப் பூச்சி சாகுமாம், அதனால் சிங்கம் அந்தப் பூவின் கீழேதான் தூங்குமாம். ஃபுஜி மலை, வல்லூறு, கத்திரிக்காய் மூன்றும் புத்தாண்டின் முதல் கனவில் வந்தால் யோகம். கத்திரிக்காய்க்கு இப்படி ஒரு மரியாதை வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

"புதையல் குவியல்" என்றொரு கோலம் உண்டு. மந்திரச் சுத்தியல், களஞ்சியத்தின் சாவி, மறைந்துகொள்ளும் தொப்பி, பணப்பை இவற்றோடு ஒரு கிராம்பும் இருக்கும். தென்கடல் தாண்டி வந்த கிராம்பு அங்கே மருந்து, வாசனை, சாயம் எல்லாமாகவும் இருந்த அரிய பொருள். நம் அஞ்சறைப் பெட்டியில் கிடப்பதைப் பொன்னுக்குச் சமமாக வரைந்திருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கோலம் எனக்குத் தனியாகப் பிடித்துப்போகிறது. வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்த ஷிப்போ வடிவமும் பௌத்தத்தின் ஏழு மணிகளைக் குறிப்பது.

கப்பலில் வரும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களைக் குட்டானியில் அடிக்கடி பார்க்கலாம். அதில் வீணை மாதிரி வாத்தியம் ஏந்திய பென்சாய்தென் நம் சரஸ்வதி. சாக்குமூட்டையோடு சிரிக்கும் தைகோகுதென் மகாகாலன். கவசம் அணிந்த பிஷாமோன்தென் வைஸ்ரவணன், அதாவது குபேரன். தொழில் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பரிசு சொல்ல முடியாது, விளக்கிச் சொல்லவும் சுலபம்.

பெற்றோரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு என்றால் இன்னொரு பொருத்தம். ஜப்பானிலும் அறுபது ஆண்டுச் சுழற்சி முடிவதைக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு உரிய நிறம் சிவப்பு. சஷ்டியப்தபூர்த்திக்கு இதாயா பாணிச் சிவப்புக் கோப்பை ஜோடி, கொக்குப் படத்தோடு. மறு யோசனையே வேண்டாம்.

எண்ணிக்கை: ஜப்பானில் தட்டும் கிண்ணமும் ஐந்தாகத்தான் வரும். நான்கு அவர்களுக்கு மரணத்தை நினைவூட்டும் ஒலி. நான்கு பேர் குடும்பமாக இருந்தாலும் ஐந்தை வாங்குங்கள், ஒன்று உடைந்தாலும் கவலையில்லை.

## சீட்டில் இல்லாத செலவு

கையால்தான் கழுவ வேண்டும், மென்மையான பஞ்சால். கம்பி நார் ஆகாது. அடுக்கி வைத்தால் நடுவே துணியோ காகிதமோ வேண்டும், ஏனென்றால் மேலிருக்கும் தட்டின் அடிவளையம் கீழிருப்பதின் பொன்னைச் சுரண்டும்.

புளிப்பு விஷயம் முக்கியம். பழைய மேல்வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும், குட்டானியில் குறிப்பாக. இன்று உணவுக்கென்று விற்பவை சட்ட வரம்புக்கு உட்பட்டவை, பல சூளைகள் ஈயமில்லா வண்ணத்துக்கே மாறிவிட்டன. பழம்பொருள் கடையில் வாங்கியதில் மட்டும் புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய் எதையும் வைக்காதீர்கள். புதியதிலும் ஊறுகாயை இரவு முழுக்க விட்டுவைத்தால் வண்ணத்தின் பளபளப்புக் குறையும்.

கை வேலை செட்டில் ஒன்று உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது. அரக்கும் பொன்னும் வைத்து ஒட்டும் கின்சுகி முறை அழகுதான், ஆனால் முறையாகச் செய்தால் புதுக் கோப்பையின் விலையைத் தொட்டுவிடும். கூரியரில் வரவழைத்தால் பொதி கட்டும் கூலி, சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து சின்னப் பொருளின் விலையையே தாண்டலாம். கைப்பையில் எடுத்துவருவதுதான் மலிவு. கையெழுத்திட்ட பவுலோனியா மரப்பெட்டியோடு வந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் பெட்டி இல்லாத பொருளின் மதிப்பு வெகுவாகக் குறையும்.

அடியிலுள்ள முத்திரையை நம்பிக் காலம் கணிக்காதீர்கள். சீனப் பேரரசரின் ஆட்சிப் பெயரை எழுதுவது அரிட்டாவில் வெறும் அலங்கார வழக்கமாக இருந்தது. கட்டத்துக்குள் "ஃபுகு" என்ற நல்வாழ்வு எழுத்தும் பல சூளைகள் போட்டதுதான். இன்னொன்று: சாட்சுமா என்று பொன்னும் உருவங்களுமாக விற்பது பீங்கான் அல்ல, மஞ்சள் சாயல் கொண்ட மண்பாண்டம். அழகாக இருக்கலாம், ஆனால் இந்த ஒப்பீட்டில் அது சேராது.

## ஒரே பார்வையில்

| | குட்டானி | பொன் இமாரி | காக்கியெமோன் | நபேஷிமா |
|---|---|---|---|---|
| வண்ணம் இருக்கும் அடுக்கு | பெரும்பாலும் மேலே, கனமாக | நீலம் அடியில், மற்றவை மேலே | நிகோஷிதேயில் முழுக்க மேலே | கோடு அடியில், நிரப்பல் மேலே |
| தங்கம் | பாணியைப் பொறுத்து | நிறைய | குறைவு | அபூர்வம் |
| வெண்மை | சில பாணிகளில் அறவே இல்லை | கொஞ்சம் | பெரும்பகுதி | அளவோடு |
| தினப் புழக்கம் | வேண்டாம் | விசேஷ நாளுக்கு மட்டும் | வேண்டாம் | பரவாயில்லை |
| சிறிய கைவேலைப் பொருளின் விலை | எட்டும் | நடுத்தரம் | சூளைச் சரக்கு எட்டாது, பாணிச் சரக்கு எட்டும் | நடுத்தரம் முதல் மேல் |
| யாருக்கு | முதல் தடவை வாங்குபவர், தொழில் தொடங்குபவர் | திருமணம், புதுமனை | சேகரிப்பவர், எளிமை விரும்புபவர் | பயன்படுத்திக்கொண்டே ரசிப்பவர் |

## யார் எதை எடுக்கலாம்

கையில் 10,000 யென்தான் இருக்கிறது என்றால் அச்சிட்ட ஆறு கோப்பை வேண்டாம், குட்டானியின் கைவேலைச் சாகே கோப்பை ஒன்றோ இரண்டோ எடுங்கள். அதில் சாகே குடிக்க வேண்டுமென்றில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நாணயமோ குங்குமமோ வைத்தால்கூட நன்றாக இருக்கும்.

திருமணப் பரிசு என்றால் இமாரித் தட்டு, தாங்கியோடு. மணமக்கள் எளிமையான ரசனை உள்ளவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் காக்கியெமோன் பாணிக்குப் போங்கள். உடையும் பொருளைத் திருமணத்துக்குக் கொடுப்பது ஜப்பானில் ஒருகாலத்தில் தயக்கத்துக்குரியதாக இருந்தது. இப்போது கணவன் மனைவி ஜோடிக் கோப்பைகள் சாதாரணம்.

உங்களுக்கே வேண்டுமென்றால், விலை கூடினாலும், 15 செ.மீ. நபேஷிமாத் தட்டுகள் ஐந்து. முறுக்கும் அதிரசமும் அதில் எடுப்பாக இருக்கும். பழம்பொருள் பக்கம் ஆசை போனால், பொருளை வாங்கும் முன் அரிட்டாவிலுள்ள கியூஷூ பீங்கான் அருங்காட்சியகத்தையோ காகாவிலுள்ள குட்டானி அருங்காட்சியகத்தையோ பார்த்துவிடுங்கள். கண் பழகாமல் பழையது வாங்குவது சூதாட்டம்.

பயணத்தை மாற்ற முடிந்தால் மே முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். அரிட்டாவின் பீங்கான் சந்தை ஏப்ரல் 29 முதல் மே 5 வரை, குட்டானி சந்தை நோமி நகரில் மே 3 முதல் 5 வரை. சின்னக் குறையுள்ள சரக்கு அங்கே பாதி விலைக்கும் கீழே போகும். மெருகில் ஒரு கரும்புள்ளி, வளையத்தில் சின்ன மணல் ஒட்டு என்றால் தயங்காமல் எடுக்கலாம். மேல்வண்ணத்தில் குமிழி வெடித்த குழி இருந்தால் வேண்டாம், அங்கிருந்துதான் வண்ணம் பெயரத் தொடங்கும். தட்டை விரல் நுனியில் தாங்கி, இன்னொரு கை நகத்தால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அடுத்ததை எடுத்துத் தட்டுங்கள்.